எட்டு டிகிரிக்காக எழுபது வளைவுகள்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். சிபியு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அத்தனையையும் கடந்திருக்கிறேன். ஏன் என்று கேட்டவர்களிடம் மழுப்பினேன். காரணத்தைச் சொன்னால் சிரித்திருப்பார்கள். மலையில் குளிர் அதிகம், செயலியை அதற்கு விதித்த வேகத்தைத் தாண்டி ஓட்டிப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று நம்பியிருந்தேன். மார்கழி மாதம். செம்மேட்டுக்குப் பக்கத்தில் மாமா வீடு. விமான சிமுலேட்டருக்காக நான் செய்த முதல் ஓவர்க்ளாக்கிங் அது. இந்தப் பழக்கத்தில் சரக்கு எவ்வளவு, சத்தம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்த ஒரு வாரமே போதுமானதாக இருந்தது.

செய்முறை எளிது. மதர்போர்டு 100 மெகாஹெர்ட்ஸில் ஓர் அடிப்படைத் துடிப்பைத் தருகிறது. செயலி அதை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்கிறது. 41 என்றால் 4.1 கிகாஹெர்ட்ஸ், 48 என்றால் 4.8. பயாஸுக்குள் போய் அந்த எண்ணை ஏற்றி, துடிப்பு தடுமாறாமலிருக்க மின்னழுத்தத்தையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும். என்னிடம் இருந்தது செகண்ட் ஹேண்டில் வாங்கிய இன்டெல் ஐ5-8600கே. ஆறு கோர், அடிப்படை வேகம் 3.6, ஆறும் சேர்ந்து உழைத்தால் 4.1, ஒன்று மட்டும் உழைத்தால் 4.3. பெயரின் வாலில் இருக்கும் ‘கே’தான் பெருக்கெண் பூட்டப்படவில்லை என்பதற்கு அடையாளம். ஆனால் கே மட்டும் போதாது. இசட் வரிசை மதர்போர்டு வேண்டும். பெட்டியோடு கூலர் வராது, அதைத் தனியாக வாங்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் இந்த மூன்றுக்கும் விலை விசாரித்துக் கூட்டிப் பார்த்தவர் யாரும் ‘இலவசமாகக் கிடைக்கிற வேகம்’ என்று அதன்பின் பேச மாட்டார்.

சிமுலேட்டர்காரர்களுக்கு ஏன் இந்தப் பித்து? பாதிப் பழி அவர்கள் மேல் இல்லை. 2006 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வந்தது. செயலிகளின் துடிப்பு வேகம் வருடா வருடம் ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்ட மென்பொருள் அது. ஆனால் அதற்கு இரண்டு வருடம் முன்பே, 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டிருந்தது. வெப்பத்தை அடக்க முடியவில்லை. உலகம் கோர்களைக் கூட்டும் பாதைக்குத் திரும்பியது. சிமுலேட்டர் ஒரே கோரை நம்பி நின்றுவிட்டது. தொழிற்சாலை தராத வேகத்தை வீட்டிலேயே பிழிந்தெடுக்கும் வழக்கம் அங்கிருந்துதான் இவர்களிடம் வேரூன்றியது.

இன்றைய சிமுலேட்டர்கள் அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் விமானத்தின் இயக்கம், கருவிப் பலகை, வானிலை, சுற்றியுள்ள போக்குவரத்து எனப் பல கணக்குகள் மெயின் த்ரெட் என்ற ஒற்றை இழையில் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததாகச் சொல்லப்படும் வல்வில் ஓரியின் மலையில் உட்கார்ந்து இதை யோசித்தபோது சிரிப்பு வந்தது. சிமுலேட்டரிலும் ஒரே அம்புதான். மீதி ஐந்து கோர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கின்றன. அந்த ஓர் அம்பை வேகமாக எய்ய வைப்பதில் தர்க்கப் பிழை ஏதுமில்லை.

பலன் கிடைத்ததா? கிடைத்தது. எக்ஸ்-பிளேன் 11-இல் திருச்சி விமான நிலையத்தில் தரையில் நிற்கும்போது விநாடிக்கு 27 ஃபிரேம் வந்துகொண்டிருந்தது. 4.8-இல் 30 ஆனது. மூன்று ஃபிரேமுக்கா இத்தனை பாடு என்று தோன்றும். ஆனால் 60 ஹெர்ட்ஸ் திரையில் 30 என்பது சரிபாதி. ஒவ்வொரு ஃபிரேமும் திரையின் இரண்டு துடிப்புகளில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். 27-இல் சில ஃபிரேம்கள் இரண்டு துடிப்பும் சில மூன்றும் எடுத்துக்கொள்ள, தரையிறங்கும் நேரத்தில் ஓடுபாதை விக்கி விக்கி நெருங்கும். ஒரு வரம்புக்குச் சற்றே கீழே தவிக்கும் இயந்திரத்துக்கு ஓவர்க்ளாக்கிங் செய்யும் உதவி எண்ணிக்கையைவிடப் பெரியது. 50-லிருந்து 55-க்குப் போகிறவருக்கு அதே உழைப்பில் கிடைப்பது பெருமை மட்டும்.

இனி விலைச்சீட்டு. செயலி உமிழும் வெப்பம் துடிப்பு வேகத்துக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறும். என் செயலி 4.1-இல் 1.15 வோல்ட்டில் ஓடியது. 4.6-க்கு 1.20 போதும். 4.8-க்கு 1.30 கேட்டது. கணக்குப் போட்டால், 4.1-லிருந்து 4.6 வரை 12 சதவீத வேகத்துக்கு ஏறக்குறைய 22 சதவீதம் கூடுதல் வெப்பம். பரவாயில்லை. அங்கிருந்து 4.8-க்கு ஏற, வெறும் 4 சதவீத வேகத்துக்கு இன்னொரு 22 சதவீதம். முதல் படி நியாய விலை, கடைசிப் படி கந்துவட்டி. இந்தப் பழக்கத்தின் மேல் என் முதல் குறை இதுதான்: எல்லாருடைய பேச்சும் அந்தக் கடைசிப் படியைப் பற்றியே இருக்கிறது. 4.6 என்று சொன்னால் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மலைக் குளிர் என்ன ஆயிற்று? நாமக்கல் வீட்டு அறையைவிட மாமா வீட்டு அறை எட்டு டிகிரி குளிர்ச்சி. செயலியின் வெப்பமும் எட்டு டிகிரி இறங்கும் என்று எதிர்பார்த்தேன். ஆறுதான் இறங்கியது. மீதி இரண்டைத் தேடியபோது பிடிபட்டது விமானிகளுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயம். நாமக்கல்லைவிட ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. விசிறி அதே சுற்று சுற்றினாலும், ஹீட்சிங்க்கின் தகடுகளைத் தழுவிப் போகும் காற்றின் எடை குறைந்துவிடுகிறது. உயரமான விமான நிலையங்களில் இறக்கைக்குத் தூக்குவிசை குறைந்து, மேலெழ நீண்ட ஓடுபாதை தேவைப்படுவதும் இதே அடர்த்திக் குறைவால்தான். திரையில் பறக்கும் விமானத்துக்கும் மேசைக்கடியில் சுழலும் விசிறிக்கும் ஒரே இயற்பியல். இதைக் கண்டுகொண்ட அந்த ராத்திரிதான் மொத்த முயற்சியிலும் எனக்குப் பிடித்த பகுதி.

அதைச் சாதகமாகவே கணக்கில் எழுதுகிறேன். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று கவலைப்படாமல் பத்து வருடம் கம்ப்யூட்டர் பயன்படுத்தியவன் நான். தெர்மல் பேஸ்ட் எதற்கு, சுமை ஏறும்போது மின்னழுத்தம் ஏன் தொய்கிறது, 100 டிகிரியைத் தொட்டால் செயலி ஏன் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, இவையெல்லாம் ஒரு வாரத்தில் விரல்நுனிக்கு வந்தன. எந்த வகுப்பும் இவ்வளவு வேகமாகக் கற்றுத்தந்திருக்காது.

ஆனால் எண்ணுக்குப் பருவம் உண்டு என்பதை எந்த வழிகாட்டியும் அழுத்திச் சொல்வதில்லை. குளிர்நாட்டு அறையில் சோதித்த எண்களை நம் ஊரில் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். மார்கழியில், அதுவும் மலையில் வைத்த எண், சித்திரையில் நாமக்கல்லில் நிற்காது. வெளியில் 40 டிகிரி கொளுத்தும்போது 4.8 என்பது தற்கொலைக்குச் சமம். நம் மண்ணில் ஓவர்க்ளாக்கிங் செய்கிறவர் அக்னி நட்சத்திரத்தில் சோதிக்க வேண்டும். சோதிப்பதற்காகக் குளிர்ந்த மலை தேடிப் போன நான் பரீட்சைக்குக் கேள்வித்தாளை வாங்கிக்கொண்டு போனவன் மாதிரி.

மூன்றாம் நாள் இரவு நடந்ததைச் சொல்லாமல் குறைகளை முடிக்க முடியாது. பிரைம்95 சோதனையை ஒரு மணி நேரம் ஓட்டித் தேறிய பிறகு, சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்குப் பறந்தேன். நிஜத்தில் ஆவது போலவே நான்கு மணி நேரம். கடல் முடிந்து நாகப்பட்டினம் கரை கண்ணில் பட்டது. இறங்கத் தொடங்கினேன். திரை உறைந்தது. பிறகு சிமுலேட்டரே காணாமல் போய், வால்பேப்பர் மட்டும் சிரித்தது. நீலத்திரைகூட இல்லை.

“என்ன மாப்ள, ப்ளேனு வுழுந்துருச்சா?” என்றார் மாமா, கட்டிலிலிருந்து.

“இல்ல மாமா, கம்ப்யூட்டர்தான் வுழுந்துருச்சு.”

“மேட்டுல போட்டு முறுக்குனா எந்த வண்டிதான் தாங்கும்?”

எது விழுந்தது என்பதுதான் சிக்கல். மின்னழுத்தம் போதவில்லையா, ரேமா, ஏதாவது பிளக்இன்னா, எக்ஸ்-பிளேனின் சொந்தக் கோளாறா, மலை வீட்டுக் கரண்டு ஒரு நொடி தள்ளாடியதா? இயல்பான வேகத்தில் இருந்திருந்தால் செயலியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மற்றதைத் தேடியிருப்பேன். ஓவர்க்ளாக் செய்த இயந்திரத்தில் அந்த உரிமை போய்விடுகிறது. இனி எந்தக் கோளாறு வந்தாலும் முதல் குற்றவாளி நீங்கள்தான். வெப்பத்தைவிட, ஆயுள் குறைவதைவிட, இதை நான் பெரிய நஷ்டம் என்பேன்: இயந்திரத்தைப் பற்றி நிச்சயமாக எதையும் சொல்ல முடியாமல் போவது. சுட்டு விளையாடும் ஆட்டம் பத்து நிமிடத்தில் நின்றால் மறுபடி தொடங்கலாம். நான்கு மணி நேரப் பயணத்தின் கடைசிப் பத்து நிமிடம் போனால், போனது நான்கு மணி நேரமும். வேகத்தைவிட நிலைத்தன்மை அதிகம் தேவைப்படும் பொழுதுபோக்குக்குள் நிலைத்தன்மையை அடகு வைத்து வேகம் வாங்கும் பழக்கம் நுழைந்திருப்பது விநோதம்.

இதைவிட விநோதம் ஒன்று உண்டு. நாம் யாரைப் பாவனை செய்கிறோமோ அந்த விமானி இதற்கு நேர் எதிரானதைச் செய்கிறார். ஓடுபாதை நீளமாக, எடை குறைவாக இருந்தால் அவர் இன்ஜினின் முழு உந்துவிசையைக் கேட்பதே இல்லை. 25 சதவீதம் வரை குறைத்துக்கொண்டு மேலெழுவதற்கு விதிகளே இடம் தருகின்றன. விமான நிறுவனங்கள் அதை விரும்புகின்றன; டர்பைனின் வெப்பம் தணிந்தால் இன்ஜினின் ஆயுள் நீளும். செயலிக்கும் அதே நியதிதான். அதிக மின்னோட்டமும் வெப்பமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் மெல்லிய உலோக இழைகளின் அணுக்கள் மெல்ல இடம்பெயரும். காக்பிட்டில் உந்துவிசையைக் குறைக்கும் எண்ணைக் கவனமாகத் தட்டிவிட்டு, அதைத் தட்டும் கம்ப்யூட்டரை முழு முறுக்கில் வைத்திருக்கிறோம்.

காலமும் இந்தப் பழக்கத்தைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. 1998-இல் வந்த செலரான் 300ஏ, 300 மெகாஹெர்ட்ஸ் செயலி. பலர் அதை 450-இல் ஓட்டினார்கள். ஐம்பது சதவீதம்! 2011-இல் வந்த ஐ5-2500கே, 3.3-லிருந்து 4.5 வரை சிரமமில்லாமல் போனது. இன்றோ அந்த மிச்சத்தைத் தொழிற்சாலையே எடுத்து விற்றுவிடுகிறது. எடுத்ததற்கான தண்டனையும் கிடைத்தது: 13, 14-ஆம் தலைமுறை இன்டெல் மேசைக்கணினிச் செயலிகளில், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் நிலைகுலைவு தெரியவந்து, 2024-இல் அந்நிறுவனம் உத்தரவாதத்தை மேலும் இரண்டு வருடம் நீட்ட வேண்டியதாயிற்று. ஏஎம்டி 2022-இல் கொண்டுவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி இன்னும் நல்ல பாடம். தன் அண்ணனான 5800எக்ஸைவிடத் துடிப்பு வேகம் குறைவு, பெருக்கெண்ணும் பூட்டப்பட்டது. ஆனால் செயலிக்குள்ளேயே 96 எம்பி எல்3 கேஷ் நினைவகம். சிமுலேட்டர்களில் அண்ணனைத் தெளிவாக முந்தியது. அம்பு எய்யும் வேகத்தில் குறை இருந்ததில்லை. அம்பறாத்தூணி எட்டாத தூரத்தில் இருந்தது. செயலி பாதி நேரம் ரேமிலிருந்து தகவல் வரட்டும் என்று காத்திருந்தது, நாம் அதைக் கிகாஹெர்ட்ஸ் பற்றாக்குறை என்று படித்துக்கொண்டிருந்தோம். மலையில் நான் ரேமை 2133-லிருந்து 3200-க்கு மாற்றியபோது, மின்னழுத்தத்தோடு மல்லுக்கட்டியதில் கிடைத்ததற்குச் சற்றேறக்குறைய சமமான முன்னேற்றம் கிடைத்தது. பயாஸில் ஒரே ஒரு தேர்வு. இதை முதலில் செய்யச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை என்பதில் இன்றும் கோபம் உண்டு.

கிளம்புவதற்கு முதல் நாள் சேலம் விமான நிலையத்திலிருந்து ஒரு சிறிய செஸ்னாவை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் பறந்தேன். 30 ஃபிரேம், பிசிறில்லை. மலை வந்தது. எழுபது வளைவுகளும் வழவழப்பான ஒரு பச்சைச் சரிவில் கரைந்து போயிருந்தன. அறப்பளீஸ்வரர் கோயில் இல்லை. ஆகாய கங்கை விழ வேண்டிய இடத்தில் புல். மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நன்றாகப் பார்த்தார். “இது எந்தூரு மலை?” என்றார்.

இப்போது செயலி நாமக்கல்லில், 4.5-இல், 4.1-க்குக் கொடுத்துக்கொண்டிருந்த அதே 1.15 வோல்ட்டில் ஓடுகிறது. சித்திரையைத் தாண்டிவிட்டது. சிங்கப்பூர்–திருச்சி பலமுறை பறந்தாயிற்று, ஒருமுறைகூட உறையவில்லை. அன்று எது விழுந்தது என்பது மட்டும் இன்னும் தெரியாது. நாகப்பட்டினம் கரை கண்ணில் பட்டதும் கை தானாகப் போய் வெப்பநிலை காட்டும் பெட்டியைத் திறக்கிறது.