52-க்கு 15: யாரும் கொண்டாடாத ஒரு வெற்றி

கால்பந்து பார்க்கிற எல்லாருக்கும் பழகிப்போன காட்சி இது. விங்கில் ஒருவர் பந்தை முன்னால் தள்ளிவிட்டு முழு வேகத்தில் பாய்கிறார். யாரும் அவரைத் தொடவில்லை. திடீரென்று ஓட்டம் நொண்டுகிறது, கை தானாகத் தொடையின் பின்பக்கம் போகிறது, பெஞ்சைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். வர்ணனையாளர் வாயைத் திறப்பதற்குள் நம் வீட்டு சோபாவில் தீர்ப்பு வந்துவிடும்: "ஹாம்ஸ்ட்ரிங் போச்சு." கூடவே இன்னொரு தீர்ப்பும் வரும்: "ஒழுங்கா ஸ்ட்ரெச் பண்ணியிருக்க மாட்டான்."

முதல் தீர்ப்பு பெரும்பாலும் சரி. இரண்டாவதைத்தான் இந்த வாரம் கொஞ்சம் துருவிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

எங்கள் பி.டி. மாஸ்டருக்கு வார்ம்-அப் என்றால் குனிந்து கால் பெருவிரலைத் தொட்டு, இருபது எண்ணும்வரை அப்படியே நிற்பது. முட்டி லேசாக மடங்கினால் போதும், ஆடுசதையில் விசில் கயிறு விழும். "தசை இளகும், அடிபடாது" என்பார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் அவருடைய மாஸ்டரிடம் கேட்டிருக்க மாட்டார். கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது!

ஆஸ்திரேலியாவில் அதை எண்ணிப் பார்த்தார்கள். ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு தரப்பாகப் பிரித்தார்கள். இரண்டு தரப்பும் உடம்பைச் சூடாக்கும் பயிற்சியைச் செய்தன. ஒரு தரப்பு மட்டும் கூடுதலாகக் காலின் ஆறு முக்கியத் தசைகளையும் தலா 20 விநாடி இழுத்துப் பிடித்தது. டிமிக்கி கொடுக்க முடியாதபடி பக்கத்தில் மேற்பார்வையாளர் நின்றார். 12 வாரம் இப்படியே போனது. 2000-ல் வெளியான கணக்கு இது: இழுத்துப் பிடித்த தரப்பில் காலில் பட்ட காயம் 158, பிடிக்காத தரப்பில் 175. பிடிக்காத தரப்பில் ஆட்களும் சற்று அதிகம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், வித்தியாசம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. காயத்தை முன்கூட்டிச் சொன்ன விஷயம் வேறு: ஓட்டத் தேர்வில் யார் பின்தங்கினார்களோ அவர்களே அதிகம் அடிபட்டார்கள்.

உடனே ஸ்ட்ரெச்சிங்கே வேஸ்ட் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடுபவருக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் ஓடப் போவதற்குச் சற்று முன்பு, ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தால் தசையின் பலம் சிறிது நேரத்துக்குக் குறைகிறது. 104 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2013-ம் ஆண்டு அலசலில், ஒரே நிலையில் இழுத்துப் பிடிப்பதால் பலத்தில் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்று மேல் இழப்பு தெரிந்தது. அரை நிமிடத்துக்குள் விட்டுவிட்டால் பெரிய நஷ்டமில்லை. எங்கள் மாஸ்டரின் இருபது எண்ணிக்கை எங்களைக் கெடுக்கவில்லை, காக்கவும் இல்லை.

ஐஸ் கதையும் இப்படித்தான். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, உயர்த்தி வை என்ற நான்கையும் சேர்த்து 'ரைஸ்' என்று 1978-ல் பெயர் வைத்தவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸ் வலியை மரத்துப்போகச் செய்யும், ஆனால் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014-ல் எழுதியவரும் அதே மிர்கின்தான். சொன்ன வாயாலேயே மாற்றிச் சொல்ல மனசு வேண்டும். நம் ஊர் மைதானங்களில் அவருடைய பழைய பேச்சு மட்டும்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இது மைதானத்தோடு நிற்கிற வியாதியும் இல்லை. பெஞ்சமின் ஸ்போக் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் அமெரிக்க வீடுகளில் வேதம் மாதிரி இருந்தது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து அதில், குழந்தையைக் குப்புறப் படுக்க வையுங்கள் என்று இருந்தது. வாந்தி எடுத்தால் மூச்சடைக்காது என்பது காரணம். அதுவும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. குப்புறப் படுக்கும் குழந்தைகள் தூக்கத்திலேயே இறந்துபோவது அதிகம் என்பதற்கான ஆதாரம், சேர்த்துப் பார்த்திருந்தால், 1970-லேயே தெரிந்திருக்கும் என்று 2005-ல் வந்த ஆய்வு சொல்கிறது. யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் பிரசாரம் பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும்தான் தொடங்கியது. முன்பே சொல்லியிருந்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பகுதிகளில் 50,000 குழந்தைகளாவது பிழைத்திருக்கலாம் என்பது அந்த ஆய்வின் கணக்கு. விளையாட்டில் போவது தசை, அங்கே போனது உயிர்.

சரி, தொடைக்கு வருவோம். எது உதவவில்லை என்று பட்டியல் போடுவது சுலபம். எது உதவுகிறது?

முட்டி போட்டு உட்காருங்கள். பின்னால் ஒருவர் உங்கள் இரண்டு கணுக்காலையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். முட்டியிலிருந்து தலைவரை உடம்பைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு மெதுவாக முன்னால் சாயுங்கள். இடுப்பு மடங்கக் கூடாது. பாதி தூரம் போவதற்குள் தொடையின் பின்பக்கம் கத்த ஆரம்பிக்கும். விழாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியுமோ அவ்வளவு நேரம் பிடித்து, கடைசியில் கைகளை ஊன்றி நெஞ்சைத் தரையில் தொட்டு, கையாலேயே உந்தி மேலே வாருங்கள். இதற்கு நார்டிக் ஹாம்ஸ்ட்ரிங் என்று பெயர். பார்க்க அழகாக இருக்காது. முதல் தடவை செய்த மறுநாள் மாடிப்படி இறங்கும்போது ஞாபகம் வரும்.

வேக ஓட்டத்தில் இந்தத் தசை எப்போது கிழிகிறது என்று பார்த்தால் இதன் தர்க்கம் புரியும். முன்னால் வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பு, பின்தொடைத் தசை நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டியிருக்கிறது. நீளும்போதே பாரம் தாங்கும் அந்த வேலையைத்தான் நார்டிக் பழக்குகிறது. சும்மா இழுத்துப் பிடிப்பதில் பாரமே இல்லை.

ஆனால் தர்க்கம் பி.டி. மாஸ்டரிடமும் இருந்தது, ஸ்போக்கிடமும் இருந்தது. அதனால் டென்மார்க்கில் 50 அணிகளை எடுத்துக் குலுக்கிப் பிரித்தார்கள். தொழில்முறை அணிகளும் இருந்தன, அமெச்சூர்களும் இருந்தார்கள். மொத்தம் 942 வீரர்கள். ஒரு தரப்பு வழக்கமான பயிற்சி. இன்னொரு தரப்பு அதோடு 10 வாரத்தில் 27 முறை நார்டிக், பிறகு சீசனில் வாரத்துக்கு ஒரு முறை. முதல் வாரம் ஒரே ஒரு நாள், ஐந்து ஐந்தாக இரண்டு செட் மட்டும். அங்கிருந்து படிப்படியாக ஏற்றினார்கள். 2011-ல் முடிவு வந்தது. வழக்கமான பயிற்சித் தரப்பில் 52 ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள். நார்டிக் தரப்பில் 15. கூடைப்பந்தில் இப்படி ஒரு ஸ்கோர் வந்தால் நாம் வாரக்கணக்கில் பேசியிருப்போம்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு வியப்பு. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கிளப்புகளையும் நார்வேயின் உச்ச டிவிஷன் கிளப்புகளையும் சேர்த்து 50 கிளப்புகளிடம் விசாரித்தார்கள், 2015-ல் வெளியானது. ஒவ்வொரு கிளப்பின் ஒவ்வொரு சீசனையும் ஒன்றாக எண்ணினால் மொத்தம் 150. அதில் பயிற்சியை முழுதாகச் செய்தது 16. அரைகுறையாகச் செய்தது 9. மிச்சம் 125-ல் இல்லை என்றே கணக்கு. ஒரு நட்சத்திரத்தின் தொடைக்குக் கோடிகளில் இன்ஷூரன்ஸ் கட்டும் கிளப்புகள் இவை!

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் பயிற்சியை ஆரம்பித்தது குளிர்கால இடைவேளையில். ஞாயிறு ஒரு மேட்ச், புதன் ஒரு மேட்ச் என்று ஓடுகிற அணியில் வியாழக்கிழமை தொடை வலி என்று ஒருவன் சொன்னால் பயிற்சியாளர் ஃபிட்னஸ் கோச்சைத்தான் முறைப்பார். அமெச்சூர்களும் கலந்த ஆய்வு உச்ச மட்டத்துக்கு அப்படியே பொருந்துமா என்ற கேள்வியும் தப்பில்லை. இந்தச் சந்தேகத்தை நான் பாதி ஏற்கிறேன். மீதிப் பாதி சால்ஜாப்பு. இதே கறார்த்தனத்தை ஐஸ் தொட்டியிடம் அவர்கள் காட்டியதாகத் தெரியவில்லை.

என் ஊகம் எளிமையானது. ஐஸ் தொட்டியில் இறங்கினால் ஏதோ செய்தோம் என்ற திருப்தி உடனே கிடைக்கிறது, படத்துக்கும் நன்றாக இருக்கிறது. வராமல் போன காயத்தை யாரும் படம் எடுக்க முடியாது. பெனால்டியில் கோல்கீப்பர்கள் செய்வதைப் பாருங்கள். 286 பெனால்டிகளை அலசிய 2007-ம் ஆண்டு இஸ்ரேலிய ஆய்வில், நூற்றுக்கு 29 பந்துகள் நடுவில்தான் வந்தன. கீப்பர் நடுவிலேயே நின்றது நூற்றுக்கு 6 முறை. பாய்ந்து விட்டால் பாவம், திசை தப்பிவிட்டது என்போம். நின்று விட்டால் மரம் மாதிரி நிற்கிறான் என்போம். (எல்லா கீப்பரும் நிற்க ஆரம்பித்தால் அடிப்பவன் ஓரத்துக்கு மாறிவிடுவான் என்பதும் உண்மை. ஆனால் இப்போது நிற்பது அந்த அளவுக்கு வரவில்லை.)

இதற்கிடையில் ஐரோப்பியக் கிளப்புகளின் காயக் கணக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் ஹாம்ஸ்ட்ரிங் 12 சதவீதம், 2021-22-ல் 24. நார்டிக் செய்யாததுதான் காரணம் என்று எழுதக் கை துறுதுறுக்கிறது. எழுதினால், ஒப்பிட இன்னொரு தரப்பு இல்லாமல் தீர்ப்பு சொல்கிற சோபா நிபுணர் வரிசையில் நானும் சேர்ந்துவிடுவேன். ஆட்டம் வேகமாகிவிட்டது, மேட்சுகள் நெருங்கிவிட்டன. இதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று இந்த ஒரு எண் சொல்லாது.

நம் ஊரில் அகாடமி நடத்தும் கோச்சுகளுக்கு ஒரு வேண்டுகோள். நார்டிக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கணுக்காலைப் பிடிக்க ஒரு ஆள் போதும், காசு செலவில்லை. முதல் வாரம் ஒரு நாள், ஐந்து ஐந்தாக இரண்டு செட், அதற்கு மேல் வேண்டாம். அதோடு நாற்பது ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்குங்கள். எந்தப் பையனுக்கு எந்தத் தேதியில் எங்கே அடிபட்டது, எத்தனை நாள் வரவில்லை என்று இந்த சீசன் முழுவதும் எழுதிவையுங்கள். அடுத்த வருஷம் யாராவது வந்து புதுசாக ஒரு பயிற்சியையோ பவுடரையோ விற்கும்போது, அந்த நோட்டை எடுத்து மேஜைமேல் போட்டுவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள்.