கே. எஸ். ராஜாவும் எங்கள் ஊர் பபூனும்

ஒரு ரேடியோ அறிவிப்பாளரைப் பற்றி விமர்சனம் எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். பாட்டை ஒருவர் எழுதுகிறார், ஒருவர் மெட்டமைக்கிறார், ஒருவர் பாடுகிறார். நடுவே நின்று பெயரைச் சொன்னவருக்கு அதில் என்ன பங்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில், அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் சிலோன் ரேடியோ என்று சொல்லிப் பாருங்கள். பாட்டின் பெயர் வருவதற்கு முன்னால் கே. எஸ். ராஜாவின் பெயர் வந்துவிடும்.

சிலோன் ரேடியோ எங்கள் பக்கத்தில் வேரூன்றுவதற்கு வழி செய்து கொடுத்தது டில்லி சர்க்கார். 1952-இல் ஒலிபரப்பு மந்திரியான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று தீர்மானித்து, அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கினார். ஜனங்கள் ஊசியைத் திருப்பிக் கொழும்பில் வைத்துக்கொண்டார்கள். 1957-இல் விவித் பாரதியும், 1963-இல் திருநெல்வேலி நிலையமும் வந்தன. ஆனாலும் கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த குரலை டீக்கடைகளும் தீப்பெட்டி ஆபீஸ்களும் விட்டுவிடவில்லை. முதலில் எஸ். பி. மயில்வாகனம், 1970-களில் ராஜா.

கனகரத்தினம் ஸ்ரீஸ்கந்தராஜா என்பது அவருடைய முழுப் பெயர். நான் அவரைக் கேட்டதெல்லாம் ஒலிப்பதிவுகளில்தான். அதில் ஒரு சௌகரியம் உண்டு: இளமைக் கால ஞாபகங்களின் மயக்கம் இல்லாமல் கேட்கலாம். முதல் தடவை கேட்டபோது அந்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை. மூச்சு விடாமல் பேசுகிறார். தமிழை இப்படியா விரட்டுவது என்று தோன்றியது. இரண்டாம் தடவை கேட்டபோது, அத்தனை வேகத்திலும் ஓர் எழுத்துக்கூடச் சிதையவில்லை என்பதைக் கவனித்தேன். லகரமும் ளகரமும் ழகரமும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. நிதானமாகப் பேசுகிற நம் மேடைப் பிரசங்கிகள் பலருக்கு இது கைவரவில்லை.

அவருடைய பெரிய சாமர்த்தியம் 'திரை விருந்து' என்ற சினிமா விளம்பர நிகழ்ச்சியில் தெரிகிறது. படத்தின் வசனத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொள்வார். அதற்கு முன்னால் தாம் ஒரு கேள்வியைப் போடுவார். கதாநாயகன் யாரிடமோ கோபமாகச் சொன்ன வார்த்தை ராஜாவுக்குச் சொன்ன பதிலாக வந்து விழும். அவர் விடமாட்டார், மறுபடியும் சீண்டுவார். அதற்கும் அடுத்த துண்டில் பதில் வரும்.

இதை ஏதோ மேல்நாட்டு உத்தி என்று எண்ணுகிறவர்கள் நம் ஸ்பெஷல் நாடகம் பார்த்ததில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த சீமை இது. கொடை நடக்கிற ஊரில் 'வள்ளி திருமணம்' போட்டால், பபூன் கதைக்குள்ளும் இருப்பான், வெளியிலும் இருப்பான். ராஜபார்ட் கம்பீரமாகச் சொன்ன வசனத்தைப் பிடித்துக்கொண்டு வேறோர் அர்த்தத்தில் திருப்பிக் கொடுப்பான். ஜனங்கள் சிரிப்பார்கள், நாடகம் கெட்டுவிடாது. ராஜா செய்தது இந்த வேலையைத்தான். ஒரு வித்தியாசம்: பபூனுக்கு எதிரில் ஆள் இருந்தான், ராஜாவுக்கு எதிரில் இருந்தது ஒரு நாடாத் துண்டு.

குறையும் சொல்ல வேண்டும். எல்லாப் படத்தையும் ஒரே உற்சாகத்தோடு விற்றார். நல்ல படமும் சவலைப் படமும் அவர் வாயில் ஒரே எடை. விமர்சகனாக இருந்தால் இது மன்னிக்கக்கூடியதல்ல. ஆனால் அவர் வியாபாரத்துக்குக் கூவியவர். யாழ்ப்பாணத்துத் தியேட்டருக்கு ஆள் பிடிப்பதுதான் அவர் வேலை.

இங்கேதான் கரிசல்காட்டு நேயர் எனக்கு முக்கியமாகப்படுகிறார். யாழ்ப்பாணத்துத் தியேட்டரில் என்ன படம் ஓடினால் கோவில்பட்டிக்காரருக்கு என்ன? டிக்கெட் வாங்க அவர் கடல் தாண்டிப் போகப்போவதில்லை. அந்தப் படம் நம் ஊர் டாக்கீஸுக்கு வந்து, பெட்டி கட்டிப் போய் வெகுநாள் ஆகியிருக்கும். சரக்கு வாங்க முடியாதவர்கள் அந்த விளம்பரத்தைக் காத்திருந்து கேட்டார்கள். சட்டத்தில் தீக்குச்சி அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அந்தக் குரலுக்காக மற்றப் பேச்சை நிறுத்தினார்கள் என்று எங்கள் வீட்டுப் பெரியம்மா சொல்வாள். விற்பனை கழன்றுபோனபின் மிஞ்சியது பேச்சு மட்டுமே. அது கலை இல்லையென்றால், எதைக் கலை என்பது என்று எனக்குத் தெரியவில்லை.

1983 ஜூலைக் கலவரம் கொழும்புத் தமிழர்களின் வாழ்க்கையைக் குலைத்துப் போட்டது. அதன் பிறகு அந்தப் பழைய ராஜாவை எங்கள் பக்கம் கேட்கவில்லை. 1994-இல் கொழும்பில் அவரைக் கொன்றுவிட்டார்கள். படத்துக்கு ஆள் கூப்பிட்ட மனிதர்.

எனக்குக் கிடைத்த ஒலிப்பதிவுகள் சில நிமிஷங்களே ஓடுகின்றன. ஒன்றில் அவர் கேள்வி கேட்கிறார். கதாநாயகன் பதில் சொல்ல வாயெடுக்கும் இடத்தில் நாடா அறுந்திருக்கிறது.