சுரங்கத்தைத் திறக்கும் பிள்ளைகள்

கடலூர் மாவட்டத்து அண்ணாகிராமம் வட்டாரப் பள்ளிகளில் காலை வணக்கத்தின்போது பிள்ளைகள் பாடுவது ஒரு நாடகத்தின் பாயிரப் பகுதி. 1891-இல் வெளிவந்த பெ.சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்திலிருந்து எடுத்து, 1970-இல் அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்த்தாய் வாழ்த்து அது. அந்த நாடகத்தில் குடிலன் என்றோர் அமைச்சன் சூழ்ச்சி செய்வதும், சுந்தர முனிவர் கோட்டைக்கடியில் சுரங்கம் அமைப்பதும் அறியாமலே பெரும்பாலான பிள்ளைகள் பள்ளியை முடித்துவிடுகிறார்கள். நம் வகுப்பறையில் நாடகம் மனப்பாடச் செய்யுளாகவோ கதைச்சுருக்கமாகவோ சுருங்கிவிடுகிறது.

இலங்கையிலோ 'நாடகமும் அரங்கியலும்' கல்விப் பொதுத் தராதரப் பத்திர (க.பொ.த.) சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் தனிப் பாடம். அதற்கு வெகுகாலம் முன்பே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு.வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் புது மேடைக்குக் கொண்டுவந்தார். 1964-இல் அவர் மேடையேற்றிய, சி.மௌனகுரு எழுதிய 'இராவணேசன்' இராமாயணப் போரை இராவணனின் மனப்போராட்டமாக மாற்றியது. யாழ்ப்பாணத்தில் குழந்தை ம.சண்முகலிங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே நாடகங்கள் எழுதிக் கொடுத்தார். பழைய கதையை இன்றைய மனிதரின் கேள்வியோடு அணுகலாம் என்ற துணிவு அங்கே வளர்ந்தது இப்படித்தான். இலங்கைப் பள்ளிகளின் தமிழ்த் தினப் போட்டிகளிலும் கூத்துக்கும் நாடகத்துக்கும் இடமுண்டு. ஆனால் போட்டி என்று வந்ததும் தேர்வான சிலர் ஆட, மற்றவர்கள் பார்வையாளர்கள் ஆகிறார்கள். தமிழ்நாட்டில் 2022 முதல் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவுக்கும் இதே குறை உண்டு.

நாடகத்தை வேறோர் எழுத்து வடிவமாக மாற்றிப் பார்க்கும் பயிற்சியோ கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் எட்டும். அதற்கு முன்னோடியும் நம் பக்கத்திலேயே இருந்தார். 1931-இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்த மட்டக்களப்பு விபுலானந்த அடிகள், 1926-இலேயே 'மதங்க சூளாமணி'யில் சேக்சுபியரின் நாடகங்களைக் கதையும் செய்யுளும் ஆராய்ச்சியும் கலந்து தமிழருக்குச் சொன்னவர். ஒரு வடிவத்தை இன்னொன்றால் விளக்கும் அந்த வழியை நம் பள்ளிகள் தொடராமல் விட்டது பெரிய இழப்பு.

மனோன்மணீயத்துச் சுரங்கத்தைத் துப்பறியும் கதையாக எழுதலாம். குடிலன் தன் நாட்குறிப்பில் என்ன எழுதியிருப்பான்? சேர, பாண்டியப் போரை ஒரு நிருபர் எப்படிச் செய்தியாக்குவார்? நாடகத்துக்குள்ளேயே கதைப் பாடலாக இருக்கும் சிவகாமி சரிதை சிறுகதைக்கு நன்றாகவே இடம்கொடுக்கும். கடலூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் திரௌபதியம்மன் திருவிழாக் கூத்தில் பாஞ்சாலியின் சபதம் பழக்கம்; அதை அவளே எழுதும் கடிதமாக்கச் சொன்னால் பேனா நிற்காது.

இதில் ஒரு நிபந்தனையை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதலில் மூலக் களத்தை (காட்சியை) வகுப்பே உரக்க வாசிக்க வேண்டும். எழுதி முடித்த பின்னும் மூலத்துக்குத் திரும்பி, தன் கதையில் எது வந்தது, எது நழுவியது என்று ஒவ்வொரு பிள்ளையும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் இதுவும் இன்னொரு கதைச்சுருக்கம்தான்.

தமிழாசிரியர்களே, மனோன்மணீயத்தில் இருபது களங்கள் இருக்கின்றன. இந்த ஆண்டு ஒரே ஒரு களத்தையாவது பிள்ளைகள் கையில் கொடுத்துப் பாருங்கள்.