வேலூர்க் குரலில் ஒரு மல்ஹார்

பழைய இந்தித் திரையிசையின் ஈர்ப்பைத் தமிழ்நாட்டில் நின்று அளக்க முனைபவர், பாட்டின் பொருள் பிடிபடாத நிலையிலும் அதை விடாமல் கேட்ட செவிகளையே முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்; மொழி துணைக்கு வராதபோது மெட்டும் குரலும் வாத்திய அமைப்பும் மட்டுமே ஒரு பாட்டைத் தாங்கி நிற்க வேண்டியிருக்கிறது. அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரான வேலூரில் 1945ஆம் ஆண்டு பிறந்த கலைவாணி, வாணி ஜெயராம் என்ற பெயரில் 1971இல் ‘குட்டி’ என்ற இந்திப் படத்தில் பாடிய ‘போலே ரே பபீஹரா’, இவ்வகை ரசனையை ஆராய மிகப் பொருத்தமான சான்று. கேட்டு வளர்ந்த ஒருவரே பிற்பாடு அந்த இசைக்குள் நுழைந்து பாடினார் என்பது அதன் சிறப்பு.

கேட்டு வளர்ந்த வழி வானொலி. பி. வி. கேஸ்கர் ஒன்றிய அமைச்சராக இருந்த 1950களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களைப் பெரிதும் ஒதுக்கிவைக்க, அந்த வெற்றிடத்தைக் கொழும்பிலிருந்து ஒலித்த இலங்கை வானொலி சிற்றலைவழி நிரப்பியது. அமீன் சயானி தொகுத்தளித்த ‘பினாகா கீத்மாலா’ 1952 டிசம்பரில் அங்குதான் தொடங்கியது. நல்லிசையைக் காப்பதாகச் சொல்லி எடுக்கப்பட்ட முடிவு, கேட்பவர்களைக் கடல் தாண்டிய நிலையத்துக்குத் துரத்தியதே மிச்சம். 1957 அக்டோபர் 3 அன்று ‘விவித் பாரதி’ தொடங்கப்பட்டதை அந்தத் தவற்றின் திருத்தமாகவே கொள்ளலாம். வேலூரில் சிறுமியாக இருந்த வாணியும் இலங்கை வானொலியின் இந்திப் பாடல்களைக் கேட்டு மனப்பாடம் செய்தவர்தான்.

தமிழ்நாட்டுக்கும் இந்தித் திரையுலகுக்கும் படங்களின் வழியிலும் தொடர்பு இருந்தது. ஜெமினியின் ‘சந்திரலேகா’ 1948இல் இந்தியிலும் வெளிவந்தது. ‘மலைக்கள்ள’னை எடுத்த கோவை பட்சிராஜா நிறுவனமே அதை 1955இல் ‘ஆசாத்’ என்று இந்தியாக்கியது. ராஜ் கபூரும் நர்கீஸும் நடித்த ‘சோரி சோரி’ (1956) ஏவி.எம். தயாரிப்பு. 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து நான்கே ஆண்டுகளில் வந்த ‘ஆராதனா’ சென்னையில் பல வாரங்கள் ஓடியதை முரண் என்று சிலர் எழுதுவதுண்டு. திணிப்பை எதிர்ப்பதும் ஒரு மெட்டை விரும்புவதும் வெவ்வேறு காரியங்கள் என்பதை அன்றைய ரசிகர்கள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அறிந்திருந்தார்கள்.

வாணியின் அடிப்படைப் பயிற்சி கர்நாடக இசையில் அமைந்தது. கடலூர் ஸ்ரீனிவாச ஐயங்கார் அவருடைய ஆசிரியர்களில் ஒருவர். மணமாகி மும்பை சென்றபின், பாட்டியாலா கரானாவைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் ரகுமான் கானிடம் இந்துஸ்தானி பயின்றார் (கரானா என்பது குரு மரபால் ஒரு தனிப் பாணி கொண்ட பாடகர் வழி). சாந்தாராமின் ‘ஜனக் ஜனக் பாயல் பாஜே’ (1955), ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’ (1957) ஆகிய படங்களுக்கு இசையமைத்த வசந்த் தேசாய், முதலில் ஒரு மராத்தி நாடகப் பாட்டில் குமார் கந்தர்வாவுடன் வாணியைப் பாடவைத்து, பிறகு ‘குட்டி’க்கு அழைத்தார்.

பாட்டு மியான் கி மல்ஹார் ராகத்தில் அமைந்தது. தான்சேன் பெயரோடு மரபு சேர்த்துச் சொல்லும் இந்த மழைக்கால ராகத்தின் உயிர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, கர்நாடக இசையில் சாதாரண காந்தாரம் எனப்படும் கோமள காந்தாரம். அது நிலையாக நிற்காமல், மத்தியமத்தின் சாயலோடு மெல்ல அசைந்து இறங்குகிறது. இந்த அசைவை ஆந்தோளனம் என்பர். மற்றொன்று, கைசிகி, காகலி ஆகிய இரு நிஷாதங்களும் இடையில் ஒரு தைவதத்தை வைத்துக்கொண்டு அடுத்தடுத்து வந்து சட்ஜத்தில் சேரும் பிடி. கானடாவின் காந்தாரத்தையும் காபியின் இரு நிஷாதங்களையும் அறிந்த தமிழ்ச் செவிக்கு இவை அந்நியமானவை அல்ல. அந்நியமாகப் படுவது வேகம்தான். கர்நாடகப் பாடகர் இயல்பாகக் கமகம் கொடுத்து அசைக்கும் ஸ்வரத்தை இங்கே அசையாமல் நிறுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவாமல் வழுக்கிச் செல்ல வேண்டும் (இவ்வழுக்கலுக்கு மீண்ட் என்று பெயர்). அசைவைக் காந்தாரத்துக்கென்று சேமித்துவைக்க வேண்டும். வாணி அதைச் சேமிக்கிறார். ஆரணிப் பட்டில் உடல் வெறுமையாக ஓடுவதாலேயே கரையின் ஜரிகை எடுத்துக் காட்டுவதுபோல, நேராக நிற்கும் ஸ்வரங்களுக்கு நடுவில் அந்த ஒரு காந்தாரம் அசையும்போது ராகம் முழுவதும் புலப்பட்டுவிடுகிறது. பிறகு வரும் அகாரத் தான்களில், அதாவது ‘ஆ’ என்ற ஒலியில் விரைந்தோடும் ஸ்வரக் கோவைகளில், கர்நாடகப் பயிற்சியின் துல்லியம் தெரிகிறது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியே விழுகிறது, எதுவும் குழைந்துபோவதில்லை.

பாட்டில் வரும் பபீஹரா, அதாவது பபீஹா, மழைக்காலம் நெருங்கும்போது ஓயாமல் கூவும் அக்காக்குயில். வட இந்தியக் கவிதையில் அது பிரிவுத் துயரின் பறவை. குல்சார் எழுதிய வரிகளில் ஒரு சொல்லும் விளங்காதவருக்குக்கூட ஏதோ ஒரு தாகம் பாட்டில் இருப்பது தெரிந்துவிடுவதற்குக் காரணம், மல்ஹாரின் மந்திர ஸ்தாயிப் பிடிகளிலேயே, அதாவது மத்திய ஸ்தாயிச் சட்ஜத்துக்குக் கீழே இறங்கும் இடங்களிலேயே, அந்தக் கனம் பொதிந்திருப்பது. பெரிய கச்சேரியில் ஒரு மணி நேரம் விரியக்கூடிய ராகத்தைச் சில நிமிடங்களுக்குள் அடக்கும் இக்கலை, ஒரு பக்கத்துக்கு மூன்றரை நிமிடமே இடம் தந்த 78 சுழற்சி இசைத்தட்டுக் காலத்தில் உருவானது. தட்டு மாறியபின்பும் அந்தச் சிக்கனத்தை வசந்த் தேசாய் தலைமுறை கைவிடவில்லை. நௌஷாதும் மதன் மோகனும் சிறந்தது இதே சிக்கனத்தால்தான்.

ஹிருஷிகேஷ் முகர்ஜி இயக்கிய ‘குட்டி’, நடிகர் தர்மேந்திரா மீது மயக்கம் கொண்ட பள்ளி மாணவிக்கு, அவரையே துணைக்கு அழைத்து, திரைக்குப் பின்னுள்ள உழைப்பையும் பொய்யையும் காட்டி மயக்கம் தெளிவிக்கும் கதை. சினிமா மாயை என்று நிறுவப் புறப்பட்ட படத்தில் இப்படியொரு பாட்டை வைத்ததால் வாதம் பாதி தோற்றுவிடுகிறது. ஜெயா பாதுரி ஏற்ற பாத்திரம் தெளிந்தாலும் பார்ப்பவர் தெளிவதில்லை.

அடுத்து ‘பாகீசா’வில் (1972) நௌஷாத் இசையமைத்த ஒரு பாட்டு வந்தது, தமிழில் எம். எஸ். விஸ்வநாதன் ‘தீர்க்க சுமங்கலி’யில் (1974) கொடுத்த பாட்டால் வாணி வீடுதோறும் அறியப்பட்டார்; தேசிய விருதுகள் மூன்று முறை கிடைத்தன. குல்சார் இயக்கிய ‘மீரா’வில் (1979) பண்டிட் ரவிசங்கர் இசையமைத்த மீராவின் பதங்களை அவர் பாடினார், ஃபிலிம்ஃபேர் விருதும் அதற்கே கிடைத்தது. விருதுக் குழுவின் தேர்வில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், பண்பட்ட அந்தப் பதங்களைக் காட்டிலும் முதல் படத்துப் பாட்டே உயர்ந்தது. ‘மீரா’வின் குரல் தனக்குத் தெரிந்ததை நிதானமாகப் பாடுகிறது, ‘குட்டி’யின் குரல், பழகிய கமகத்தை ஒவ்வொரு ஸ்வரத்திலும் அடக்கிக்கொண்டு, புதிதாகக் கற்ற ஒன்றைத் தவறாமல் செய்துமுடிக்கும் முனைப்போடு பாடுகிறது.