தேங்காய்த் திருட்டும் தேவ அழைத்தலும்: ‘கருக்கு’ குறித்து ஒரு மறுவாசிப்பு

பாமாவின் ‘கருக்கு’ வந்தது 1992-இல். முப்பது வருசத்துக்கு மேல ஓடிப்போச்சு. கல்லூரிப் பாடத்தில் வைத்தாயிற்று. லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் 2000-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய், அதற்குக் கிராஸ்வேர்ட் விருதும் வாங்கியாயிற்று. எம்.ஃபில்., பி.எச்.டி. ஆய்வேடுகள் கட்டுக்கட்டாய்க் கிடக்கின்றன. தலித் தன்வரலாறு, பெண் எழுத்து, வட்டார வழக்கு என்று மூணு முத்திரையைக் குத்தி அலமாரியில் வைத்துவிட்டார்கள். மேலே ஏறி உட்கார்ந்த ஆய்வாளர்களுக்கு அதில் வலி தெரிகிறது, வசவு தெரிகிறது, மொழி தெரிகிறது. நடுவில் ஒரு பொம்பளைப் பிள்ளை தன் சாமியைத் தொலைத்துவிட்டு நிற்பது மட்டும் கண்ணில் படவில்லை.

தலித் என்றால் வயிற்றுப் பிரச்சினை, சாதிப் பிரச்சினை. ஆன்மா, விசுவாசம், சந்தேகம் எல்லாம் படித்த மேட்டுக்குடி மனிதர்களின் விவகாரம் என்ற நினைப்பு நம்ம முற்போக்குத் தோழர்களிடமும் உண்டு. ஐரோப்பியக் கத்தோலிக்க எழுத்தாளன் ஒருத்தன் கடவுளைச் சந்தேகித்தால் அது தத்துவ நெருக்கடி. சேரிக்காரி சந்தேகித்தால் அது வெறும் சாட்சியம். இந்தக் கணக்கை நான் ஒத்துக்கொள்வதாக இல்லை. ‘கருக்கு’ முதலும் முடிவுமாக ஒரு விசுவாசத்தின் கதை. அது எப்படி ஊட்டப்பட்டது, எங்கே விரிசல் கண்டது, உடைந்த பிறகு ஒண்ட இடம் எங்கே என்பதுதான் அதன் முதுகெலும்பு. புத்தகம் கால வரிசையில் போகாமல் திரும்பத் திரும்ப அதே ஊருக்கும் அதே கோயிலுக்கும் வந்து நிற்பதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தொலைத்த பொருளைத் தேடுகிறவர்கள் ஒரே இடத்தைப் பத்துத் தரம் பார்ப்பார்கள்.

மடத்தை விட்டு வெளியேறியதுதான் திருப்பம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். அதற்கு ரொம்ப முன்னாடியே, பள்ளிக்கூடத் தென்னை மரத்தடியில் அது நடந்து முடிந்துவிட்டது. பிள்ளைகள் விளையாடுகிறார்கள், மரத்திலிருந்து தேங்காய் விழுகிறது. தலைமையாசிரியர் மறுநாள் எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் இந்தப் பிள்ளையைத் திருடி என்று சொல்லி வெளியே அனுப்புகிறார். பிள்ளை அழுதுகொண்டே பங்குச் சாமியாரிடம் ஓடுகிறது. வேறே யாரிடம் ஓடும்? ஊரிலேயே கோயிலைச் சேர்ந்த ஒரே சனம் பறத்தெரு சனம். மற்ற சாதியெல்லாம் இந்துக்கள். சாமியார் நம்ம ஆளு. அவர் என்ன சொல்கிறார்? சேரியிலிருந்து வருகிற பிள்ளைதானே, செய்திருக்கும் என்கிற அர்த்தத்தில் பேசுகிறார். கடைசியில் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார். சீட்டை வாங்கிக்கொண்டு வகுப்பு முழுக்கப் பார்க்க, அழுதபடி போய் உட்காருகிறது பிள்ளை.

இதை வெறும் ‘சாதி அவமானம்’ என்று குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள். கொஞ்சம் நின்று பாருங்கள். இதே பிள்ளை பாவசங்கீர்த்தனத்தில் முழங்காலில் நின்று ‘நான் பாவி’ என்று சொன்னால் சாமியார் கேள்வியில்லாமல் நம்புவார். ‘நான் எடுக்கல சாமி’ என்று சொன்னால் நம்பமாட்டார். அதன் வாயிலிருந்து வரும் சொற்களில் குற்ற ஒப்புதலுக்கு மட்டும்தான் மதிப்பு. ஒரு மதம் ஒரு சனத்தோட பாவத்தை மட்டும் நம்பி, அதன் உண்மையை நம்பாமல் போனால் அங்கே விசுவாசம் எப்படி நிற்கும்? பாமா இதை வியாக்கியானம் பண்ணுவதில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். ‘கருக்கு’வின் பலம் இந்த இடங்களில்தான்.

அப்புறமும் அவர் ஏன் கன்னியர் மடத்தில் போய்ச் சேர்ந்தார்? எங்கள் வாசிப்புக் கூட்டங்களில் பையன்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. பதில் புத்தகத்திலேயே இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு சபையைத் தொடங்கிய பெண்மணியைப் பற்றிப் படித்து, அதே மாதிரி தம் பிள்ளைகளுக்குச் செய்யலாம் என்று கையிலிருந்த ஆசிரியை வேலையை விட்டுப் போகிறார். அது விசுவாசத்தைவிட ஒரு கணக்குத் தீர்ப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. சாமியாரிடம் கிடைக்காத நியாயத்தைத் தானே கொடுக்கிறவளாக ஆகிவிடுவது. உள்ளே போனால் பணக்காரப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம், வேளாவேளைக்கு வகையான சாப்பாடு. கூட்டுகிற, கழுவுகிற வேலைக்குச் சேரிப் பிள்ளைகள். பயிற்சிக் காலத்திலேயே தாழ்த்தப்பட்ட பெண்களைச் சில சபைகளில் சேர்ப்பதில்லை என்ற பேச்சு காதில் விழுகிறது. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வார்த்தைப்பாடு. பிறந்ததிலிருந்தே ஏழ்மையை அனுபவித்தவள், அந்த வசதிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ‘ஏழ்மை’யை வார்த்தைப்பாடாகக் கொடுக்கிறாள். இந்த விசித்திரத்தை அவரால் ஏழு வருசம்தான் தாங்க முடிந்தது.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். மடம் பற்றிய பகுதிகள் எழுத்தாகப் பலவீனமானவை. ஊர்ப் பகுதியில் ஆளாளுக்குப் பட்டப்பேர் உண்டு, நடை உண்டு, விளையாட்டு உண்டு. பிள்ளைகள் நாய்க்கர் வேசம் கட்டிக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் அதிகாரம் பண்ணி விளையாடுகிற பக்கத்தை மறக்கவே முடியாது. மடத்துக்குள்ள போனதும் அத்தனையும் வற்றிப்போகிறது. சிஸ்டர்களுக்கு முகமில்லை. நிகழ்ச்சிக்குப் பதில் குற்றப்பத்திரிகை வருகிறது, சொன்னதே திரும்ப வருகிறது. கலைநயவாதிகள் இதைப் பிடித்துக்கொண்டு ‘பிரச்சாரம்’ என்றார்கள். குறை உண்மைதான், அவங்க சொன்ன காரணம் உண்மையில்லை. மடம் அவரிடமிருந்து முதலில் பிடுங்கியது அவர் பேச்சை. கேலியும் கிண்டலும் செய்கிற தெருப் பேச்சு அந்தச் சுவருக்குள் செல்லுபடியாகாது. ஆகவே மடத்தைப் பற்றி எழுதும்போது மடத்தின் மொழியிலேயே, பிரசங்க மொழியிலேயே எழுத வேண்டியதாகிறது. பிற்பாடு 1996-இல் ‘கிசும்புக்காரன்’ கதைகளில் அந்தக் கிண்டல் முழுசாகத் திரும்பி வந்ததைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும்.

சரி, வெளியே வந்தாச்சு. எங்கே போவது?

நம் முன்னால் பெரிய வழிகள் இருக்கின்றன. பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் கொழும்பு போய்ப் பௌத்தம் தழுவி வந்து சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். அண்ணல் 1935-இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்றார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அதை நிறைவேற்றினார். பாமா இந்த வழிகளில் போகவில்லை. மடத்தை விட்டாரே ஒழிய இயேசுவை விடவில்லை. ஏழைகள் பக்கம் நின்ற, அதிகாரத்தைக் கேள்வி கேட்ட ஒரு இயேசுவை வைத்துக்கொண்டு, அவரை ஒளித்துவைத்த திருச்சபையைத் திட்டுகிறார். புத்தகத்தை அச்சிட்டதே மதுரையில் சேசு சபையார் நடத்திய சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையம்தான். ‘இது என்ன விடுதலை? சபையைத் திட்டுற புத்தகத்தைச் சபைக்காரங்களே போடுறாங்க, பௌத்தம் பக்கம் ஒரு பார்வைகூடக் கிடையாது’ என்று அம்பேத்கரியத் தோழர்கள் சிலர் கேட்பதுண்டு.

கேள்வியில் நியாயம் உண்டு, ஆனால் அவசரமும் உண்டு. அண்ணலுடையது ஒரு சமூகத்தின் வெளியேற்றம். லட்சக்கணக்கான பேர் கூட நின்றார்கள். இது ஒத்தைப் பொம்பளையின் வெளியேற்றம். கையில் வேலை இல்லை, காசு இல்லை, உலகம் பழக்கமில்லை. சிறகு ஒடிந்த பறவையாகத்தான் தன்னை அவரே பார்க்கிறார். அந்த நிலைமையில் எழுதியது ‘கருக்கு’. அடுத்த மதத்தின் விலாசத்தை அதில் தேடுவது, பெருமழையில் கூரை பறிகொடுத்தவளிடம் புது வீட்டு வரைபடம் கேட்பது மாதிரி.

அதோடு, மதம் மாறுவது நம்ம ஆட்களுக்கு மனசு சம்பந்தப்பட்ட காரியமாக மட்டும் என்றைக்கும் இருந்ததில்லை. 1950-ஆம் வருசத்துக் குடியரசுத் தலைவர் ஆணை இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதிக் கணக்கிலிருந்து வெளியேற்றியது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் உள்ளே சேர்த்தார்கள். கிறித்தவர் இன்னமும் வெளியேதான். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் சேர்க்கச் சொல்லியது; 2022-இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையான விசுவாசமில்லாமல் சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது. நம்ம விசுவாசத்தை அளந்து பார்க்கிற வேலையில் சாமியாருக்குத் துணையாக நீதிபதியும் வந்து உட்கார்ந்தாச்சு. பூசைக்குப் போனால் சான்றிதழ் போச்சு. சான்றிதழ் வேண்டும் என்றால் நெற்றியில் எதையாவது பூசு. இப்படி இருக்கையில் ‘உன் ஆன்மீக வீடு எது’ என்ற கேள்வி ஒரு சேரிப் பெண்ணுக்குத் தாசில்தார் ஆபீஸ் வழியாகத்தான் வந்து சேர்கிறது.

திருச்சபை மாறிவிட்டதே என்பார்கள். 2016-இல் ஆயர் பேரவை தலித் கொள்கை ஆவணம் வெளியிட்டது. 2022-இல் ஐதராபாத்துப் பேராயர் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். இரண்டும் நல்லதுதான். 2008-இல் விழுப்புரம் மாவட்டம் இறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவருக்கும் வன்னியக் கிறித்தவருக்கும் மூண்ட மோதலில் துப்பாக்கிச் சூடு வரைக்கும் போனதையும், செத்த பிறகும் பிரிக்கிற திருச்சி மேலப்புதூர்க் கல்லறைச் சுவரையும் இதே கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பாமா கடைசியில் வந்து சேர்ந்த இடம் எங்கள் பக்கம். மடத்தை விட்ட பின் உத்திரமேரூரில் குடியிருந்துகொண்டு, பழைய காஞ்சிபுரம் மாவட்டத்து ஓங்கூரில் ஆசிரியை வேலை பார்த்தார். உத்திரமேரூர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிற பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை, சனநாயகம். 2020-இல் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் பிரதமர் இதைத்தான் எடுத்துப் பேசினார். கல்வெட்டை முழுசாகப் படித்தவர்கள் குறைவு. ஓலையில் பேர் எழுத வேண்டுமானால் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிரம்மதேயத்துப் பிராமணச் சபைக்கான விதி அது. நிலமில்லாதவன், மனையில்லாதவன், வேதம் காதில் விழக்கூடாதவன், எந்த வயசுப் பொம்பளையும் அந்தக் குடத்துப் பக்கம் போக முடியாது. அப்பேர்ப்பட்ட ஊரில் புருசன், சாதிசனம், சபை எதுவும் பக்கத்தில் இல்லாமல் ஒரு பறப்பெண் குடியிருந்து, வேலைக்குப் போய், எழுதிக்கொண்டிருப்பதை நான் சின்ன விசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. வேதமும் மனையும் ஒரே வரிசையில் கேட்கப்பட்ட ஊரில், வேதத்தை உதறிவிட்டுக் குடியேறியிருக்கிறார்.

வீடு என்பது இந்தப் பக்கத்தில் வெறும் உருவகமும் இல்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடி, 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்கள் இரண்டு பேர்: ஜான் தாமஸ், ஏழுமலை. காரணை தியாகிகள். பேரைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். ஒன்று பைபிளிலிருந்து வந்த பேர், இன்னொன்று திருப்பதி மலையிலிருந்து வந்த பேர். வருசா வருசம் அக்டோபரில் அந்த இடத்தில் கூடுகிறவர்கள் எந்த மதத்துச் செபத்தைச் சொல்வது என்று சண்டை போட்டுக்கொள்வதில்லை. ‘கருக்கு’ தேடுகிற கூடுகைக்கு நான் கண்ட மிகக் கிட்டின உதாரணம் இதுதான். அந்தப் புத்தகத்தில் இப்படி ஒரு கூட்டம் வராதது, மடத்தை விட்டவளுக்கு அந்த நேரத்தில் போய் நிற்க ஒரு இயக்கம்கூட இல்லாதது, நம் இயக்கங்கள் யோசிக்க வேண்டியது.

பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன் (2024-இல் காலமானார்) அதே புதுப்பட்டி மண்ணிலிருந்து, அதே கத்தோலிக்க வளர்ப்பிலிருந்து 2002-இல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதினார். அதில் சாமி, சாமியார், சிலுவை எல்லாமே சிரிப்புக்கு ஆளாகின்றன. தங்கையின் புத்தகத்தில் சாமியைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை. ஆண் சந்தேகித்தால் டீக்கடைக்குப் போய் உட்காரலாம், சிகரெட் பிடித்துக்கொண்டு நாத்திகம் பேசலாம். பெண்ணுக்குக் கோயிலை விட்டால் கூடி உட்கார வேறே திண்ணை கிடையாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாராவது விரிவாக எழுதினால் தலித் கிறித்தவத்தின் ஆண், பெண் சரித்திரம் கிடைக்கும்.

‘கருக்கு’ வந்தபோது சொந்த ஊர்க்காரர்களே கோபப்பட்டுச் சில மாதம் பாமாவை ஊருக்குள் வரவிடவில்லை. ஊர் மானம் போச்சு என்று நினைத்தார்கள். பிறகு படித்த இளவட்டங்கள் எடுத்துச் சொல்ல, அதே ஊர் அவரைக் கூப்பிட்டது. சபை இன்றுவரை அப்படி ஒரு தடவைகூட வெளிப்படையாகக் கோபப்படவில்லை. கருத்தரங்கில் மாலை போடுகிறது. கோபப்பட்டுப் பிறகு சமாதானமான ஊர், கோபமேபடாத சபை. இதில் எது அவருக்கு வீடு என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னும் ஒரு இடம் காலியாகவே கிடக்கிறது. நாய்க்கர் வீட்டில் மாடாய் உழைத்து, மிச்சச் சோற்றைக் கையேந்தி வாங்கி வந்து, அவங்கதான் நமக்குச் சோறு போடுற மகராசங்க என்று நம்பிய பாட்டி அந்தப் புத்தகத்தில் வருகிறாள். அந்தக் கிழவியும் கோயிலுக்குப் போயிருப்பாள், மண்டிபோட்டிருப்பாள். சேசுவிடம் என்ன கேட்டாள்? நாய்க்கரையும் சேசுவையும் மனசுக்குள்ள எப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள்? பேத்தி கேட்கவில்லை. நம் வீடுகளில் அந்தத் தலைமுறைக் கிழவிகள் இன்னும் சில பேர்தான் மிச்சம். மாணவத் தோழர்கள் லீவுக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி அனுப்புங்கள், பேச்சு எப்படி வருதோ அப்படியே.