அம்மிச் சத்தம் யாருக்கு இனிது?

பிடித்த ஓசைகள் எவை என்று கேட்டால் நம்மிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கிறது. ஓட்டுக் கூரையில் மழை, விடியலில் சேவல், வாசலில் சாணம் தெளிக்கும் சளசளப்பு, அம்மியில் தேங்காய் அரைபடுவது, எண்ணெயில் கடுகு வெடிப்பது, எங்கோ ஒரு கொலுசு. ஊர் நினைவுகளைத் தமிழில் எழுதியவர்களில் பலர் இவற்றில் நாலைந்தையாவது தொட்டிருப்பார்கள். வாசிக்கும்போது எனக்கும் மனம் இளகத்தான் செய்கிறது. ஆனால் மழையையும் சேவலையும் கழித்துவிட்டுப் பார்த்தால், மிச்சமிருப்பது பெரும்பாலும் ஒரு பெண் வேலை செய்யும் சத்தம். கேட்பவர் பாயில் புரண்டு படுத்திருக்கிறார், அல்லது திண்ணையில் இருக்கிறார். அவருக்கு அது பால்யம், ஊர், அம்மா. அரைப்பவளுக்கு அது என்ன என்பது பட்டியலில் வருவதில்லை.

இந்த இடைவெளியைச் சத்தத்தை வைத்தே காட்டிய படம், ஜியோ பேபி இயக்கி 2021இல் வெளிவந்த மலையாளப் படமான ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’. (2023இல் ஆர். கண்ணன் இதைத் தமிழில் எடுத்தார். ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்தார். நான் பேசுவது மூலப் படத்தைப் பற்றி.) அதன் சமையலறைக் காட்சிகளில் பின்னணி இசை ஏறக்குறைய இல்லை. நறுக்குவது, வதக்குவது, திருகுவது, தேய்ப்பது, கழுவி ஊற்றுவது எல்லாம் அப்படியே கேட்கின்றன. முதல் பத்து நிமிடம் இந்தச் சத்தங்கள் இனிமையாகவே இருக்கின்றன. சொல்லப்போனால் பசி எடுக்கிறது. இயக்குநர் நம்மையும் திண்ணையில்தான் முதலில் உட்கார வைக்கிறார். பிறகு அதே நறுக்கல், அதே தேய்ப்பு, மறுநாளும் அதற்கு மறுநாளும். ஒரு கட்டத்தில் தேங்காய் திருகும் சத்தம் கேட்டாலே தோள்பட்டை வலிக்கத் தொடங்குகிறது. சத்தம் மாறவில்லை. கேட்கும் இடம்தான் மாறியிருக்கிறது.

அந்த வீட்டு மாமனார் அதட்டிப் பேசுகிறவர் அல்லர். மருமகளை ‘மோளே’ என்றுதான் அழைப்பார். சட்னி மிக்ஸியில் அரைத்ததா என்று மெதுவாகக் கேட்பார்; அம்மியில் அரைத்தால் நன்றாயிருக்கும். சோறு குக்கரில் வேண்டாம், விறகடுப்பில் வெந்தால் போதும். தன் துணியை வாஷிங் மெஷினில் போட வேண்டாம். ஒவ்வொன்றும் எவ்வளவு சின்ன ஆசை! அம்மிச் சத்தத்தை நேசிக்கும் நம் கட்டுரைகளின் குரலும் இந்த மாமனாரின் குரலும் எனக்கு ஒன்றாகவே கேட்கின்றன. இரண்டும் மென்மையானவை, இரண்டிலும் குழவியைப் பிடித்திருப்பது வேறொருத்தியின் கை. மிக்ஸியின் சத்தத்தை இனியது என்று எழுதியவரை நான் பார்த்ததில்லை. காது கிழிகிற சத்தம்தான் அது, மறுக்கவில்லை. ஆனால் அரைமணி நேர அரைப்பை இரண்டு நிமிடமாக்கிய சத்தமும் அதுதான். 2011இல் தமிழக அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது ‘இலவசம் மக்களைச் சோம்பேறியாக்கும்’ என்று பேசியவர்களில் எத்தனை பேர் ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து மாவாட்டியவர்கள்?

படத்தில் இன்னொரு சத்தம் இருக்கிறது. சிங்க்கின் அடியில் குழாய் ஒழுகுகிறது. பழுது பார்க்க ஆள் அனுப்பச் சொல்லிக் கணவனிடம் திரும்பத் திரும்பக் கேட்கிறாள். அவன் மறந்துபோகிறான். மறப்பது அவனுக்குச் சுலபம், ஏனென்றால் அந்தச் சொட்டு அவன் இருக்கும் இடம்வரை கேட்பதில்லை. வீட்டுக்குள் எந்தச் சத்தம் யாருக்கு எட்டுகிறது என்பதும் அதிகாரம்தான். தேநீர் வேண்டும் என்று அவன் கூடத்திலிருந்து கூப்பிட்டால் அடுக்களைக்குக் கேட்கிறது. அடுக்களையில் சொட்டுவது கூடத்துக்குக் கேட்பதில்லை. கடைசியில் அந்த அழுக்குத் தண்ணீரே அப்பன், மகன் இருவர் மேலும் வந்து விழுகிறது.

மாதவிலக்கு நாட்களில் அவளை ஒரு அறையில் ஒதுக்கிவைக்கிறார்கள். அப்போது சமையலுக்கு வருகிற வேலைக்காரப் பெண், தனக்கு விலக்கு என்றால் யாரிடமும் சொல்வதில்லை என்கிறாள். சொன்னால் கூலி போய்விடும். அவள் வேலை செய்துகொண்டே பாடுகிறாள். அடுக்களையிலிருந்து ஒரு மனிதக் குரல், யாரும் கேட்டுக்கொள்ளாமல், தனக்காகவே எழும் அரிய இடம் அது. உலக்கை போடும் பெண்கள் பாடும் வள்ளைப்பாட்டை இளங்கோ சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் எடுத்துவைத்திருக்கிறார். உலக்கையின் தாளத்தை அவர்கள் பாட்டாக்கிக்கொண்டார்கள். அதனால் உலக்கை இலேசாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஓசையில் அவர்களுடைய பங்கும் இருந்தது.

விலக்கும் ஒதுக்கலும் என்றதும் ஒரு சேவலின் சத்தம் நினைவுக்கு வருகிறது. குறுந்தொகையின் 157ஆம் பாட்டு அள்ளூர் நன்முல்லையார் என்ற பெண் எழுதியது. நான்கே அடி. கோழி கூவுகிறது, நெஞ்சு திடுக்கிடுகிறது, காதலனிடமிருந்து தன்னைப் பிரிக்க விடியல் வாளாக வந்துவிட்டது என்கிறாள். வகுப்பறைகளில் இது இரவின் இன்பம் முடிந்த ஏக்கம் என்ற அளவில் கடந்துபோகும். பாட்டோடு சேர்ந்து நமக்கு வந்திருக்கும் கூற்றுக் குறிப்போ, பூப்பு எய்திய தலைவி சொன்னது என்கிறது. குறிப்பு பிற்காலத்தது, பாட்டுக்குள் அப்படியொரு சொல் கிடையாது. ஆனாலும் அதைச் சேர்த்து வாசித்தால் வாள் சட்டென்று கூர்மையாகிறது. விடிந்தால் அவன் எழுந்து போவான் என்பது மட்டுமல்ல. விடிந்தால் இவள் விலகி உட்கார வேண்டும். இதற்கு ஐம்பது பாட்டு முன்னால், 107இல், மதுரைக் கண்ணனாரின் தலைவியும் தன்னை எழுப்பிய சேவலைத் திட்டுகிறாள். காட்டுப்பூனைக் குட்டிக்கு இரையாகிப் போ என்று சாபமே விடுகிறாள். அந்தப் பாட்டில் விளையாட்டு இருக்கிறது, கோபம் முழுக்கச் சேவல் மேல். நன்முல்லையார் சேவலைக் குறை சொல்லவில்லை. அது கூவியது, அவ்வளவுதான். பயம் அவளுக்குள் ஏற்கெனவே இருந்தது.

நொச்சிப் பூ உதிரும் ஓசை இன்னும் பிரபலம். கொல்லன் அழிசி எழுதிய 138ஆம் பாட்டு. ஊர் உறங்குகிறது. வீட்டுக்குப் பக்கத்தில் நொச்சி மரம், மயிலின் காலைப் போன்ற இலை, நீலப் பூ. அது உதிர்வது கேட்கிறது. சங்கப் புலவரின் நுண்ணிய இயற்கை உணர்வுக்கு இதை எடுத்துக்காட்டாகச் சொல்லாத ஆசிரியர் குறைவு. ஆனால் பேசுவது யார்? தோழி. யாருக்குக் கேட்கும்படி? முந்தின இரவு குறித்த இடத்தில் சந்திப்புத் தவறிப்போன தலைவனுக்கு. ‘நாங்கள் உறங்கவில்லை, பூ விழுவது கேட்கும் அளவுக்கு விழித்திருந்தோம்’ என்கிறாள். அதாவது இது வாக்குமூலம். அந்தப் பூவின் ஓசையை அவர்கள் இரசிக்கவில்லை. அவன் காலடிச் சத்தத்துக்காகத் தீட்டி வைத்த காதில் பூதான் விழுந்தது. காத்திருக்கும் பெண்ணின் காது அவ்வளவு கூர்மையாவதை அழகு என்று மட்டும் சொல்லி நகர்ந்தால், பாட்டில் பாதியை விட்டுவிடுகிறோம்.

கொலுசைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சினிமாப் பாட்டுகள் சொல்லித் தீர்த்துவிட்டன. சின்னப் பெண்ணுக்குச் சலங்கை வைத்த கொலுசு போடுவது அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிவதற்காகவும்தான். அவள் வளர்ந்த பிறகு பூமி அதிர நடக்காதே என்று அதட்டுவதும் அதே வீடுதான். ஏழாம் மாதத்தில் கை நிறைய வளையல் அடுக்கி, வயிற்றுப் பிள்ளை கேட்கட்டும் என்பார்கள். கணவன் செத்தால் அதே வளையலை உடைப்பார்கள். அவள் கை எப்போது ஒலிக்கலாம் என்பதையும் அவளைக் கேட்டு முடிவு செய்வதில்லை.

அப்படியானால் விடியலின் ஓசைகளை ஒரு பெண் மகிழ்ச்சியாகக் கேட்ட இடமே இல்லையா? இருக்கிறது. திருப்பாவையின் 6 முதல் 15 வரையுள்ள பாசுரங்கள் தோழிகளை எழுப்புபவை. பறவைகளின் பேச்சு, சங்கு, நகைகள் குலுங்கக் கைமாற்றித் தயிர் கடையும் ஆய்ச்சியர் என்று ஆண்டாள் அடுக்கும் ஓசைகள் நம் பட்டியல்களின் மூத்த பட்டியல். ஆனால் அவள் ஓசைகள் யாரையும் அடுப்படிக்குக் கூப்பிடவில்லை. கதவைத் திற, வெளியே வா, கூட்டமாக நீராடப் போகலாம் என்கின்றன. இன்று மார்கழி விடியலில் கோயில் ஒலிபெருக்கியில் எம்.எல். வசந்தகுமாரியின் குரலில் அந்தப் பாட்டைக் கேட்டபடி குனிந்து கோலம் போடுகிறவளுக்கு, பல வீடுகளில், அது கடிகாரம். இந்தப் பாட்டு முடிவதற்குள் பால் காய வேண்டும்.

ஏழாம் பாசுரத்தில் ஆண்டாள் ஒரு குறும்பு செய்திருக்கிறாள். உள்ளே கிடக்கும் பெண் தூங்கவில்லை. கூட்டத்துக்கே தலைவி அவள். குருவிச் சத்தமும் கேட்கிறது, கடையும் சத்தமும் கேட்கிறது, தோழிகள் பாடுவதும் கேட்கிறது. கேட்டுக்கொண்டே எழாமல் படுத்திருக்கிறாள். நம் கட்டுரையாளர்கள் படுத்திருக்கும் அதே பாயில், அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னால், ஒரு பெண். அவளைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது. வாசலில் தோழிகள் பொறுமையிழந்து கூப்பிடுகிறார்கள். அப்பால், பெயர் சொல்லப்படாத ஆய்ச்சியர் கை மாற்றிக் கை மாற்றிக் கடைந்துகொண்டிருக்கிறார்கள்.