சும்மா இருத்தல்: சொல்லும் பொருளும்

சிவநேயச் செல்வர் கூடிய அவையொன்றில் அண்மையில் ஓரன்பர் சொற்பொழிவைக் கேட்க நேர்ந்தது. கந்தரநுபூதியின் 12ஆம் பாட்டைப் பொருளாகக் கொண்டு அவர் இனிமையாகவே பேசினார். எனினும் முடிவில், 'ஆசிரியன் அருளியது சும்மா இருத்தலே. ஆகலின் பூசை, திருமுறை ஓதல், திருக்கோயிற்றொண்டு முதலியன யாவும் உணராதார்க்கே உரியன. உணர்ந்தவன் கைகட்டி வாய்பொத்தி இருத்தலே முடிபு' என்று கூறி அமர்ந்தார். எம் பக்கலில் ஒரு முதியவர் இருந்தார். நாடோறும் நந்தவனத்தில் மலர் பறித்துத் தொடுத்துக் கொடுப்பவர். அவர் எம்மை நோக்கி, 'அங்ஙனமாயின் ஐயா, நாளை முதல் யான் பூக்குடலையை எடுக்க வேண்டுவதில்லையோ?' என்றார். நகைத்துக்கொண்டே கேட்டாரெனினும், அவ்வினாவில் வருத்தமும் கலந்திருந்தது. உடனே தக்க விடை கூற எமக்கு இயலவில்லை. அன்று கூறாது விட்டதனையே ஈண்டு எழுதப் புகுந்தேம்.

முதற்கண் சொல்லை நோக்குவாம். சும்மா என்பது தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் குழவி முதல் முதியோர் ஈறாக யாவர் நாவிலும் பயில்வது. மலையாளத்தில் சும்மா எனவும் கன்னடத்தில் சும்மனெ எனவும் வழங்குதலின், இது தென்மொழிகட்குப் பொதுவாகிய சொல் என்பது தெளிவு. இனி, தொல்காப்பிய உரியியலிற் கம்பலை, கலி, அழுங்கல் என்பவற்றோடு சும்மையும் அரவப் பொருட்டாக ஓதப்பட்டமை கண்டு, சும்மையாவது ஆரவாரம், அதன் மறுதலை சும்மா எனப் பிரித்துக்காட்ட ஒருவர் முற்படலாம். கேட்டற்கு இனிதே, ஆயினும் பொருந்தாது. எதிர்மறைப் பொருள்படும் ஆகாரம் வினைப்பகுதியோடு கூடுவதன்றிப் பெயரோடு கூடி எதிர்மறை தருவதன்று. அன்றியும் கன்னட வழக்கில் அவ்வாகாரம் இல்லாதவழியும் அமைதிப் பொருள் நிற்றலின், அப்பொருள் பகுதிக்கே உரியதென்பது பெறப்படும். தலைச்சுமைக்கு அடியில் வைக்கும் சும்மாடு சுமையின் வழிப்பட்டது. அதற்கும் இதற்கும் உறவில்லை.

அகராதிகள் இச்சொற்குத் தொழிலின்மை, அமைதி, காரணமின்மை, பயனின்மை, விலையின்மை எனப் பல பொருள் வகுக்கும். வகுத்தது பிழையன்று. ஆயினும் இவையனைத்தினும் ஊடுருவி நிற்கும் கருத்தொன்று உண்டோ என ஆராய்தல் வேண்டும். மணமாகிப் போன மகளைக் காணத் தாய் அயலூர்க்குச் செல்கின்றாள். 'என்ன காரியமாக வந்தாய், அம்மா?' என்று மகள் வினவ, 'சும்மாதான் வந்தேன்' என்கின்றாள். அவள் நடந்ததும் வந்ததும் பொய்யாமோ? வருகை உண்டு, தனக்கென ஒரு காரியம் கருதி வந்திலள் என்பதே அச்சொல்லின் பொருள். 'இதனைச் சும்மா கொடுத்தான்' என்னுமிடத்துக் கொடை நிகழ்ந்தது, விலை இல்லை. 'சும்மா சொன்னேன்' என்னுமிடத்துச் சொல் நிகழ்ந்தது, உட்கருத்து இல்லை. 'சும்மா சாப்பிடுங்கள்' என விருந்தினரை வற்புறுத்துங்கால் உண்ணுதலைத் தடுப்பாரல்லர், கூச்சத்தைத் தடுக்கின்றார். குறும்பு செய்யும் சிறுவனைச் 'சும்மா இரு' என்று அதட்டும் தாயும், அவன் மூச்சு விடுதலை நிறுத்தக் கருதினாளல்லள். அவன் தன்னிச்சையாற் செய்வதனையே நிறுத்தக் கருதினாள். இவற்றான் இச்சொல் விலக்குவது செயலையன்று, செயலின்மேல் ஒருவன் தன்பாலிருந்து ஏற்றிக்கொள்ளும் பயன், விலை, கருத்து, முனைப்பு என்பவற்றையே என்பது விளங்கும்.

அற்றேல், 'வேலையின்றிச் சும்மா திரிகின்றான்' என்னும் வசைமொழியும், சும்மா கிடக்கும் நிலம் எனத் தரிசைக் குறித்தலும் என்னாம் எனின், அவ்விடங்களிற் செயலின்மையே பொருள் என்பதை யாம் மறுத்திலேம். ஒரு சொல்லே உயர்வும் தாழ்வுமாகிய இருதலையும் பற்றி வழங்குதலை ஈண்டு மறவாது கொள்க. மேல் அது வேண்டப்படும்.

இனி அநுபூதிச் செய்யுளுக்கு வருவோம். அதன்கண் ஆசிரியன் மொழி சும்மா இருத்தலைக் கூறியதோடு அமையாது, சொல்லறுதலையும் வேறு கூறுகின்றது. சும்மா என்பதற்கு வாய்பேசாமை மட்டுமே பொருளாயின் பின்னது கூறியது கூறலாய் முடியும். ஒன்று மற்றதனுக்கு விளக்கம் எனின், அதுவும் நிரம்பாது. அம்மொழி கேட்ட அளவில் பொருள் யாதொன்றும் அறிந்திலேன் என அறிவின் நிலையையே அடிகள் தம் அநுபவமாகக் கூறி முடித்தலின், ஈண்டு அடங்கியது நாவளவில் நின்றதன்று. இதனினும் வலிய சான்று அடிகளாரது வாழ்வே. சும்மா இருக்கும்படி பெற்ற ஆணைக்கு வாய் பொத்துதலே பொருளாயின், திருப்புகழ் பாடிய அருணகிரிநாதர் அவ்வாணையைக் கடந்தவராவர். இன்று கிடைப்பனவே 1,300க்கு மேற்பட்ட பாடல்கள். மௌனகுருவின் அருள் பெற்ற தாயுமான அடிகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்கள் பாடினார். மதயானையையும் கரடியையும் வசப்படுத்தினும் படுத்தலாம், சும்மா இருத்தல் அரிதென்று வியந்தவரும் அவரே. வாய்மூடுதல் அத்துணை அரியதாயின் ஊமையர் யாவரும் முத்தராதல் வேண்டும்.

சித்தாந்த நூற்றுணிபு இவ்விடத்து மிகவும் துணை செய்வது. உயிர்க்குக் கேவலம், சகலம், சுத்தம் என மூன்று அவத்தை கூறுவர். கேவலத்தில் உயிர் ஆணவத்தால் மறைப்புண்டு, இச்சை, அறிவு, செயல் என்னும் மூன்றும் விளங்காது கிடக்கும். சகலத்தில் மாயையின் கருவிகளைப் பெற்று யான் எனது என முனைந்து தொழிற்படும். சுத்தத்தில் அம்முனைப்புக் கழன்று திருவருளோடு கூடி நிற்கும். புறத்தே நின்று நோக்குவானுக்குக் கேவலமும் சுத்தமும் ஒருதன்மையவாகத் தோன்றுதல் கூடும். இரண்டும் சும்மா இருத்தலே. ஆயின் ஒன்று இருளால் வந்தது, மற்றொன்று ஒளியால் வந்தது. மேலே வேறு பிரித்து வைத்த தரிசும் திரிதலும் முன்னையதற்கு ஒத்தன. தாயின் வருகையோ பின்னையதற்கு ஒருவாற்றான் உவமையாகும். நம் சொற்பொழிவாளர் சுத்தத்தைப் புகழத் தொடங்கிக் கேவலத்தைப் புகழ்ந்து முடித்தார் என்றே கூற வேண்டியிருக்கின்றது. முத்தியில் உயிர் கல்லைப்போற் கிடக்கும் என்னும் பாடாணவாதத்தை உமாபதி சிவனார் சங்கற்ப நிராகரணத்தில் எடுத்து மறுத்திருத்தல் சைவர்க்குப் புதிதன்று. பிற சமயத்தார் கூறியவழி மறுக்கும் கொள்கையை நம் மேடையிலேயே அடியார் அநுபவம் எனப் புனைந்து ஏற்றுதல் ஆகுமோ?

பூசலார் நாயனார் வரலாற்றைக் காட்டி, 'அவர் கல்லும் மண்ணும் தொடாது இருந்தே கோயில் எடுத்தாரன்றோ' என்பாரும் உளர். திருநின்றவூரார் கண்ணுக்கு அவர் சும்மா இருந்தவராகவே தோன்றியிருத்தல் கூடும். காடவர்கோன் வந்து வினவிய பின்னரே ஊரார் அறிந்தனர். ஆயினும் அகத்தே நிதி தேடுதல், தச்சரைச் சேர்த்தல், அடிநிலை வகுத்தல், சிகரம் அமைத்தல், நாட்குறித்தல் என ஒன்றும் குறையாது எத்துணைத் தொழில் நிகழ்ந்தது! அன்றியும் பொருள் தேடி வருந்தியும் கிடையாமையாற்றான் அவர் மனத்தால் எடுக்கத் துணிந்தார். ஆகலின் அவ்வரலாறு தொண்டை விடுதற்கு மேற்கோளாகாது.

சிவஞானபோதம் இவ்வையத்தை அடியோடு அறுக்கின்றது. பத்தாஞ் சூத்திரம் இறைவனோடு ஏகனாகி இறைபணியில் நிற்றலைக் கூறும். ஆண்டுப் பணி என்னும் சொல் நிற்கின்றது. யான் செய்தேன் என்னும் போதமே ஒழிகின்றது. பசுகரணங்கள் சிவகரணமாம் என்று பெரியோர் கூறுவதும் இதுவே. கை அறுபடுவதில்லை, கைக்கு உடையவன் மாறுகின்றான். திருநாவுக்கரசர் தம் கடன் இன்னதென ஓரிடத்து அருளியபோது, பணி செய்தல் என்பதனோடு கிடத்தல் என்னும் வினையை இயைத்தார். ஓய்வும் தொழிலும் ஒரு தொடரில் முரணின்றி அமைந்தமை காண்க. அவ்வாறு அருளியவர் உழவாரப் படையைக் கையினின்றும் விட்டவரல்லர். பன்னிரண்டாஞ் சூத்திரமோ மலங்கழுவிய சீவன்முத்தர்க்கே அடியாரிணக்கமும், திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுதலும் விதித்தது. நூலின் முடிநிலத்தில் வைத்து விதித்த வழிபாட்டைக் கீழ்நிலையார்க்கு உரியதென்று தள்ளுதற்கு எவர்க்கு உரிமை?

அன்பர் கூற்றில் கொள்ளத்தக்க பகுதியும் ஒன்றுண்டு. நம்மவர் வழிபாட்டில் ஓசை மிகுந்துவிட்டது. ஒரு பதிகம் முடிந்து மறுபதிகம் தொடங்குமுன் இமைப்பொழுதும் இடைவெளி விடுவாரில்லை. தீபாராதனை முடிந்ததும் திருநீற்றுக்குக் கைநீட்டி ஊர்ப்பேச்சுத் தொடங்கிவிடுகின்றனர். செபத்தை வாசிகம், உபாஞ்சு, மானசம் என மூன்றாக வகுத்து மானசத்தை உயர்வாகக் கொண்ட நெறியில், பூசை நிறைந்தபின் யாதொன்றும் வேண்டாது சிறிதுபோது சும்மா அமர்ந்திருத்தல் தக்கதே. தட்சிணாமூர்த்தி சந்நிதியில் அங்ஙனம் இருந்து பழகியோர் அதன் அருமையை அறிவர். ஆயினும் மானசத்திலும் மந்திரம் உள்ளே நிகழ்ந்துகொண்டுதான் இருக்கின்றது; பூசையின் பின் வரும் அவ்வமைதியும் பூசை செய்தார்க்கே வருவது. முதியவர் நாளையும் பூக்குடலையை எடுக்கட்டும். எவர்க்காகப் பறிக்கின்றீர் என்று கேட்பார்க்குச் சும்மா என்றே விடை கூறட்டும்.